ஹேண்டில் ஒடியுமா? ஒட்டாகோ ரயில் தடத்தில் ஐந்து நாள்

கிளம்புவதற்கு முந்தைய இரவு, டனீடன்

சமையலறைக் கதவு நிலையோடு சேர்த்து ஒற்றைச் சக்கர சைக்கிளைக் கயிற்றால் கட்டி நிறுத்தியிருக்கிறேன். சீட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டிலின் நுனியில் பத்து லிட்டர் தண்ணீர் கேன் தொங்குகிறது. பக்கத்தில் ஸ்கேலோடு நான். கேன் இல்லாமல் ஒரு அளவு, கேனோடு ஒரு அளவு. வித்தியாசம் 6 மி.மீ. ஃபிரிட்ஜுக்கு வழி கேட்டு மனைவி இரண்டு தடவை வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

நாளையிலிருந்து ஐந்து நாள். நியூசிலாந்தின் தென்தீவில், கிளைட் என்ற சின்ன ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கி.மீ. பழைய ரயில் தடம். 1990-ல் ரயிலை நிறுத்தினார்கள், அப்புறம் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். 2000-ல் முழுத் தடமும் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்தது. நீராவி எஞ்சின் ஏறிய வழி என்பதால் ஐம்பதடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் எங்கேயும் இல்லை. பாலங்களும் சுரங்கங்களும் அப்படியே இருக்கின்றன. தரை பூராவும் சரளை.

ஒற்றைச் சக்கரத்துக்கு எதற்கய்யா ஹேண்டில் என்று கேட்காதவர் இல்லை. திருப்புவதற்கு இல்லை. திருப்புவது இடுப்பின் வேலை. சர்க்கஸில் நாம் பார்ப்பது 20 அங்குலச் சக்கரம், அதில் ஓட்டுவது பத்து நிமிஷம். என்னுடையது 36 அங்குலம். கியர் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, கிட்டத்தட்ட 2.87 மீட்டர். நிமிஷத்துக்கு 75 சுற்று மிதித்தால் மணிக்கு 13 கி.மீ. இறக்கத்தில்கூடக் கால் ஓய முடியாது. சாதா சைக்கிளில் உடம்பு பாரம் சீட், ஹேண்டில்பார், பெடல் என்று மூன்று பங்காகப் பிரிந்துவிடும். இதில் பெரும்பங்கு சீட்டில்தான் இறங்கும், அதுவும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில். பதினைந்தாவது கிலோமீட்டரில் அந்த இடம் மரத்துப்போகும். முன்னால் ஒரு கம்பி நீண்டிருந்தால் குனிந்து கையை ஊன்றிக்கொள்ளலாம். நீண்ட தூரம் போகிறவர்களுக்கான ஹேண்டில் என்பது அவ்வளவுதான்: சீட்டின் அடியில் போல்ட் போட்டு இறுக்கிய, ஒரு சாண் நீளக் கம்பி, நுனியில் குறுக்காக ஒரு பிடி.

பார்க்க எளிது, ஆனால் பாவப்பட்ட ஜென்மம். சமதரையில் அதைக் கீழே அழுத்துவோம். ஏற்றத்தில் அதையே மேலே இழுப்போம், அப்போதுதான் காலுக்குப் பலம் வரும். அழுத்து, இழு, அழுத்து, இழு. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே வேலைதான், மெதுவாக நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 152 கி.மீட்டருக்குச் சக்கரம் 53,000 சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மிதி. ஒரு லட்சத்துக்கு மேல்.

முன்பு வைத்திருந்தது அலுமினியம். கடையில் வாங்கியது, அழகானது, 410 கிராம். போன வருஷம் ஒரு ஏற்றத்தில் வெல்டிங்கின் ஓரத்தில் பட்டென்று விட்டுப்போனது. கையில் பிடியோடு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு: சின்னச் சின்னச் சுமைதானே என்று அது எதையும் மன்னிப்பதில்லை, எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டே வரும். வெல்டிங் சூடு பட்ட இடம் வேறு இளகிவிடும். இரும்புக்கு ஒரு வரம்பு இருக்கிறது. சுமை அந்த வரம்புக்குக் கீழேயே இருந்தால் எத்தனை லட்சம் தடவையானாலும் தாங்கும். அதனால் இந்த முறை குரோமோலி எஃகுக் குழாய், 22 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. கனம். நானே அறுத்து, நானே வெல்டிங் வைத்தேன். 640 கிராம். அழகு பற்றிக் கேட்காதீர்கள்.

நான்கு போல்ட்டுகளையும் இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். போல்ட் இம்மி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இந்தக் குழாய் பத்து கிலோவுக்குக் கணக்குப்படி அரை மில்லிமீட்டர்தான் வளைய வேண்டும். 6 மி.மீ. வளைகிறது. மீதி ஐந்தரை எங்கிருந்து வருகிறது?

முதல் நாள்: கிளைட் – ஓமாகாவ், 37 கி.மீ.

காரை மிடில்மார்ச்சில் விட்டுவிட்டு வேனில் கிளைட் வந்தோம். வந்தோம் என்றால் நானும் மனைவியின் தம்பியும். மதுரையிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்திருக்கிறான். அவனுக்கு வாடகை சைக்கிள், இரண்டு சக்கரம், இருபத்தொரு கியர், பின்னால் எங்கள் இருவர் மூட்டையும். கணக்கு நோட்டும் அவன் பொறுப்பு.

கிளம்புவதற்கு முன்பே நோட்டில் மூன்று விழுதல் ஏறிவிட்டது. 36 அங்குலச் சக்கரத்தில் ஏறுவதே தனி வித்தை. ஹேண்டிலைப் பிடித்து ஒரு காலைப் பெடலில் வைத்து எம்ப வேண்டும். வேனிலிருந்து இறங்கிய பத்துப் பேரும் தங்கள் சைக்கிளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது தடவை ஏறினேன். கைதட்டினார்கள். அந்த வேகத்திலேயே அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டேன்.

அலெக்சாண்ட்ரா வரை எட்டு கி.மீ. மட்டம். ஏப்ரல் மாதம் இங்கே இலையுதிர் காலம், பாப்லர் மரங்கள் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கின்றன. சுற்றிலும் சிஸ்ட் பாறை, காய்ந்த புல், அதற்கிடையில் காட்டு தைம் செடி. தங்கம் தோண்ட வந்தவர்கள் காலத்துச் செடி என்கிறார்கள், இப்போது மலை முழுக்கப் படர்ந்து கிடக்கிறது. சக்கரம் அதன் மேல் ஏறினால் ஓமவல்லியைக் கசக்கியது போல ஒரு வாசனை.

இந்தத் தடத்தில் எனக்கு எதிரி கேட். தடம் ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே போகிறது. கேட்டைத் திற, தாண்டு, மூடு. சைக்கிள்காரனுக்கு அது இளைப்பாறல். எனக்கு ஒவ்வொரு கேட்டும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். ஏறும்போது உடம்பு பாரம் முழுக்க ஒரு நொடி ஹேண்டில் மேல்தான். ஓட்டுகிறபோது வரும் அழுத்தத்தைவிட இது எத்தனையோ மடங்கு. வீட்டில் உட்கார்ந்து ஒரு லட்சம் மிதி என்று கணக்குப் போட்டேனே, அந்தக் கணக்கில் கேட் வரவே இல்லை.

சாட்டோ கிரீக்கில் புளியோதரை. அங்கே தபால் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பழைய தபால் நிலையம் இருக்கிறது. மைத்துனன் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான், ஊரில் காட்டினால் நம்ப மாட்டார்களாம்.

அதன் பிறகு டைகர் ஹில். பெயருக்குத்தான் புலி. ரயில் தடத்து ஏற்றம், பார்த்தால் ஏற்றம் என்றே தெரியாது, காலுக்கு மட்டும் தெரியும். அரை மணி நேரம் ஹேண்டிலை இழுத்துக்கொண்டே மிதித்தேன். பாதி வழியில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். வலது கால் இறங்கும்போது மட்டும். நின்று பார்த்தால் ஒன்றுமில்லை.

“வெல்டிங்கா மாமா?”

“வாயக் கழுவு மாப்ள.”

இரவு ஓமாகாவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்டிங் சுத்தம். நான்கு கோடுகளில் மூன்று நேராக இருக்கின்றன. பின்பக்க இடது போல்ட் மட்டும் அரை மி.மீ. திரும்பியிருக்கிறது. இறுக்கிப் புதுக் கோடு போட்டாயிற்று. இன்றைய விழுதல் 7. அதில் ஹேண்டில் தரையில் பட்டது 2.

இரண்டாம் நாள்: ஓமாகாவ் – ஓட்டுரேஹுவா, சுமார் 30 கி.மீ.

இந்த நாளுக்காகத்தான் இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்தேன். லாடர் தாண்டியதும் மனுஹெரிகியா ஆற்றின் மேல் 110 மீட்டர் நீளப் பாலம், குறுக்கே மரப் பலகை. அப்புறம் தடம் பூல்பர்ன் மலையிடுக்குக்குள் நுழைந்துவிடுகிறது. இரண்டு சுரங்கம், ஒரு உயரமான பாலம்.

முதலில் பலகை. பலகைக்குப் பலகை இடைவெளி. சக்கரம் ஒவ்வொன்றிலும் தட்டித் தட்டிப் போகும், தையல் மிஷின் மாதிரி. சரளையில் சக்கரம் அங்குமிங்கும் நழுவும், அந்த நழுவலில் அதிர்ச்சி கொஞ்சம் செத்துவிடும். பலகையில் அப்படி இல்லை, எல்லாம் சீட் போஸ்ட் வழியாக நேரே ஹேண்டிலுக்கு ஏறுகிறது. பாலம் முடிவதற்குள் இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. உள்ளங்கையின் அடியில் ஓடும் அல்னார் நரம்பு நசுங்கினால் இப்படித்தான் ஆகும். சைக்கிள்காரர்களுக்கு இது பழகிய நோவு. ஆனால் அவர்களுக்கு நூறு கி.மீட்டரில் வருவது எனக்கு நூற்றுப்பத்து மீட்டரில் வந்தது. பழைய அலுமினியக் கம்பியில் இது வந்ததே இல்லை. அது கொஞ்சம் வளைந்து கொடுத்தது. அந்த வளைவைத்தான் நான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுரங்கம் இரண்டும் இருநூறு மீட்டருக்கு மேல், உள்ளே கும்மிருட்டு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம், மைத்துனனும் அதைத்தான் சொன்னான். ஆனால் நோட்டில் ‘சுரங்கம்: ஓட்டவில்லை’ என்று எழுத மனசு வரவில்லை. தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

ஒற்றைச் சக்கரத்தில் நிற்பது காலால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி கண்ணால். தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் உடம்புக்கு நேர்க்கோடு தெரியும். டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது மூன்றடித் தரையும் என் மூச்சின் ஆவியும்தான். முதல் சுரங்கத்தை எப்படியோ கடந்துவிட்டேன். இரண்டாவதின் நடுவில், எதிரே ஒரு குடும்பம் பேசிக்கொண்டு வருகிற சத்தம், சுவரில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் கேட்டது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான். நான் பின்னால் குதித்துவிட்டேன், வண்டி முன்னால் போய் ஹேண்டில் நுனியோடு சுரங்கச் சுவரில் மோதியது. கோயில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். அந்தக் குடும்பம் அப்படியே நின்றுவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் குரல், அது என்ன என்று அம்மாவைக் கேட்டது. அம்மாவுக்கும் தெரியவில்லை.

வெளியே வந்து பார்த்தோம். வலது பிடியின் ரப்பர் நுனி கிழிந்திருந்தது. பிரேக் லீவர் கால் சுற்றுத் திரும்பியிருந்தது. லீவரை வேண்டுமென்றே முழுதாக இறுக்காமல் வைத்திருந்தேன், இல்லாவிட்டால் அது ஒடிந்திருக்கும். குறுக்குக் குழாயில் நகக்கண் அளவு ஒரு சொட்டை. வெல்டிங்கில் கீறல் இல்லை. முன்பக்க இரண்டு போல்ட்டின் கோடுகளும் முறிந்திருந்தன, இரண்டும் ஒரே பக்கமாக. இறுக்கினேன். ஒன்று சட்டென்று பிடித்துக்கொண்டது. இன்னொன்று, சாவி கொஞ்ச தூரம் போய்க்கொண்டே இருந்து, அப்புறம்தான் பிடித்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

பூல்பர்ன் பாலம் 37 மீட்டர் உயரம், தூண்கள் செதுக்கிய கல். அதில் மட்டும் தள்ளிக்கொண்டு போனேன். நோட்டில் அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன், வெட்கமில்லை.

ஓட்டுரேஹுவாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஹேய்ஸ் பட்டறை. இதை விட்டுவிட்டுப் போயிருந்தால் பாவம். எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-ல் ஆரம்பித்தது. நெளி தகரம், மண்சுவர், கூரைக்கு அடியில் நீளமாக ஒரு தண்டு, அதிலிருந்து பெல்ட் போட்டு ஒவ்வொரு மிஷினுக்கும் சுழற்சி. ஒரு காலத்தில் காற்றாலைதான் எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறது. அவர் செய்ததில் பேர் பெற்றது வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் கருவி. கையடக்கமான சாமான், இன்றைக்கும் பண்ணைகளில் ஹேய்ஸ் பெயரோடு தொங்குகிறது. என்னை இழுத்துப் பிடித்தது வேறு சங்கதி. அவர் செய்த சாமான்களைச் சைக்கிளில் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய் ஆர்டர் பிடித்தவர் அவர் மனைவி ஹன்னா. இந்த மலையில், இந்தக் காற்றில், அந்தக் காலத்துப் பாதையில், நீளப் பாவாடையோடு.

“மாமா, அந்தம்மா விழுந்த கணக்கை யாராச்சும் நோட்டுல எழுதி வச்சிருப்பாங்களா?” என்றான்.

விழுதல் 6. மொத்தம் 13.

மூன்றாம் நாள்: ஓட்டுரேஹுவா – ரான்ஃபர்லி, சுமார் 25 கி.மீ.

குறைந்த தூரம், மோசமான நாள்.

காலையிலிருந்தே வடமேற்குக் காற்று. 36 அங்குலச் சக்கரம் பக்கவாட்டுக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. காற்றுக்குச் சாய்ந்து ஓட்டுவோம், சட்டென்று அது நின்றால் நாம் சாய்ந்த பக்கமே போய்விடுவோம். ஒரு கையை விரித்துச் சமாளிக்க வேண்டும், அதனால் ஹேண்டிலில் ஒற்றைக் கைதான். ஒற்றைக் கை என்றால் சுமை ஒரு பக்கம், கம்பி முறுக்குகிறது. நேற்றுவரை மேலும் கீழும் வளைந்ததோடு சரி, இன்று திருகலும் சேர்ந்துகொண்டது. தடத்தின் உச்சி 618 மீட்டர், வெடர்பர்ன் ஊருக்கு முன்னால் வருகிறது. ஒரு பலகை நட்டிருக்கிறார்கள், அது இல்லாவிட்டால் உச்சி என்று தெரியாது. அதற்கும் முன்னால் தெற்கு 45 பாகை அட்சக்கோட்டைத் தாண்டுகிறோம். பூமத்திய ரேகைக்கும் தென்துருவத்துக்கும் சரிபாதி. மைத்துனன் அங்கே நின்று அக்காவுக்கு வீடியோ போட்டான். பின்னணியில் நான் விழுவது அதில் தெளிவாகத் தெரிகிறது.

வெடர்பர்னில் பச்சைத் தகரச் சரக்குக் கொட்டகை ஒன்று இருக்கிறது. ஓர் ஓவியர் வரைந்து நாடு முழுக்கத் தெரிந்துபோன கொட்டகை. அதன் சுவரில் வண்டியைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து ஹேண்டிலைப் பிடித்ததும் தெரிந்துவிட்டது. கை கீழே போகிறது. கம்பி நேராகத்தான் இருக்கிறது, ஆனால் கை கீழே போகிறது. பல் ஆடுகிற மாதிரி.

அங்கேயே உட்கார்ந்து சீட்டின் உறையைக் கழற்றினேன். சீட் என்பது மேலே பஞ்சு, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. அந்தத் தட்டில்தான் ஹேண்டிலின் போல்ட்டுகள் இறங்குகின்றன. முன்பக்க வலது போல்ட் ஓட்டையிலிருந்து தட்டின் ஓரம் வரை ஒரு வெடிப்பு, இரண்டு அங்குலம் இருக்கும். இடது ஓட்டையிலும் முடி மாதிரி ஒன்று தொடங்கியிருந்தது. முதல் நாள் கேட்ட கிறீச், நேற்று சாவி போய்க்கொண்டே இருந்தது, கிளம்பும் முன் அளந்த அந்த ஐந்தரை மில்லிமீட்டர், எல்லாம் இங்கேதான்.

கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக டார்ச் அடித்து வெல்டிங்கைப் பார்த்தேன். வெல்டிங் ஒடியாது, ஏனென்றால் அதை ஒடியாதபடி நான் செய்திருக்கிறேன். ஒடிய வேண்டிய சுமை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? பழைய ஹேண்டில் இளைத்தவன், எல்லா அடியையும் தானே வாங்கிக்கொண்டு கடைசியில் செத்தான், சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதியவன் இரும்பு மனுஷன், ஒன்றையும் வாங்கிக்கொள்ளாமல் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டான். ஹேண்டில் ஒடிந்தால் நடந்துபோய் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். சீட் தட்டு ஒடிந்தால் உட்காரவே இடமில்லை. ஆக, எந்தச் சாமான் ஒடிய வேண்டும் என்பதை வெல்டிங் பட்டறையில் இருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்கிறேன் என்பது தெரியாமலே.

ரான்ஃபர்லி வரை பதின்மூன்று கி.மீ. ஹேண்டிலைத் தொடாமல் ஓட்டினேன். ஹேண்டில் எதற்கு என்று யாராவது இனிமேல் கேட்டால் இந்தப் பதின்மூன்று கிலோமீட்டரைச் சொல்வேன். மேலே விளக்கம் வேண்டாம்.

ஊரில் சைக்கிள் உதிரிபாகம் எதுவும் கிடைக்கவில்லை, ஒற்றைச் சக்கரத்துக்கு எங்கே போவது. நாங்கள் தங்கியிருந்த இடத்துக்காரர் பக்கத்துக் கொட்டகையைக் காட்டினார். அங்கே டிராக்டர் ஒன்றின் அடியில் படுத்திருந்த பெரியவர் எழுந்து வந்து, சீட் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதன் மீதிச் சக்கரம் எங்கே என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று. வெடிப்பின் நுனியில் முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டார், அப்போதுதான் வெடிப்பு மேலே ஓடாது. பிறகு குப்பைப் பெட்டியிலிருந்து 3 மி.மீ. இரும்புப் பட்டை ஒன்றை எடுத்து, உள்ளங்கை நீளம் வெட்டி, நான்கு ஓட்டைகள் போட்டு, தட்டின் உள்பக்கம் வைத்து, அதன் மேல் அகல வாஷரோடு போல்ட் போட்டு இறுக்கினார். பழைய போல்ட் நீளம் போதவில்லை, அவரே நீளமானது கொடுத்தார். அரை மணி நேர வேலை. காசு வாங்கவில்லை. இரண்டு கை நிறைய முறுக்கு கொடுத்தோம். கடித்துப் பார்த்துவிட்டு, இது ஒடியுமா என்று என்னைக் கேட்டார்.

பத்து லிட்டர் கேனை இங்கேயும் தொங்கவிட்டு அளந்தேன். 3 மி.மீ. வீட்டிலிருந்து கிளம்பியபோது இருந்ததில் பாதி.

இந்த நாட்டிலேயே அதிகக் குளிர் பதிவானது இந்த ஊரில்தான், 1903 ஜூலையில் மைனஸ் 25.6 டிகிரி. இன்று அவ்வளவு இல்லை. ஆனால் மைத்துனன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மதுரையில் இப்போது என்ன வெயில் அடிக்கும் என்று ஏக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். விழுதல் 5. மொத்தம் 18.

நான்காம் நாள்: ரான்ஃபர்லி – ஹைட், சுமார் 33 கி.மீ.

காற்று அடங்கிவிட்டது. வைபியாட்டா, கோகோங்கா தாண்டி, டயேரி ஆறு கூடவே வருகிறது. நான்கு நாளில் இன்றுதான் சவாரி சவாரியாக இருந்தது. எழுத ஒன்றுமில்லை என்பதே நல்ல செய்தி.

கை மரத்துப்போவதற்கு மட்டும் ஒரு வைத்தியம். பழைய டியூபை நாடாவாக வெட்டி, பிடியின் கீழே மூன்று சுற்றுச் சுற்றி அதன் மேல் பிடியை ஏற்றினேன். பிடி தடித்துவிட்டது, கை முழுதாக மூடவில்லை. ஆனால் விரல் விழித்துக்கொண்டிருந்தது. மூன்று சுற்று ரப்பர் செய்த வேலையை இரண்டு மாதம் யோசித்த எஃகு செய்யவில்லை.

மத்தியானம் ஆற்றங்கரையில் ஒரு இங்கிலாந்துக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு எட் பிராட் பற்றிக் கேட்டார். பிராட்டுக்கும் 36 அங்குல ஒற்றைச் சக்கரம்தான், 2015-ல் கிளம்பி 2018-ல் ஊர் திரும்பினார், உலகத்தைச் சுற்றி 33,000 கி.மீட்டருக்கு மேல். நீங்கள் எவ்வளவு என்றார். நூற்றைம்பத்திரண்டு என்றேன். பிறகு இருவரும் வானிலை பற்றிப் பேசினோம்.

ஹைட்டுக்கு முன்னால் பிரைசஸ் கிரீக் சுரங்கம், 152 மீட்டர். தள்ளிக்கொண்டு போனேன். விழுதல் 2. மொத்தம் 20. கோடுகள் நான்கும் நேர்.

ஐந்தாம் நாள்: ஹைட் – மிடில்மார்ச், 27 கி.மீ.

ஹைட்டை விட்டுக் கொஞ்ச தூரத்தில் ஒரு கல் நினைவுச் சின்னம். 1943 ஜூன் 4-ஆம் தேதி, இந்தத் தடத்தில் வந்த பயணிகள் ரயில் ஒரு வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் திரும்பித் தடம் புரண்டது. 21 பேர் செத்துப்போனார்கள். ஐந்து நாளாகத் தடம், பாலம், சுரங்கம் என்று விளையாட்டாகப் பேசிக்கொண்டு வந்த எங்கள் இருவருக்கும் அங்கே பேச்சு வரவில்லை. வளைவைப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. சைக்கிளுக்கு அது வளைவே இல்லை.

அதன் பிறகு இடப்பக்கம் வயல், வலப்பக்கம் ராக் அண்ட் பில்லர் மலைத்தொடர், உச்சியில் அடுக்கி வைத்த மாதிரிப் பாறைகள். நேர்த் தடம். கடைசிப் பத்து கி.மீட்டரை நிற்காமல் ஓட்டினேன், 44 நிமிஷம். ஹேண்டில் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

மிடில்மார்ச் ரயில் நிலையத்தில் வண்டியைத் தூணில் கட்டிக் கடைசி அளவு எடுத்தேன். 3 மி.மீ., ரான்ஃபர்லியில் எடுத்த அளவே. பெரியவரின் இரும்புப் பட்டை அசையவில்லை. பிளாஸ்டிக் வெடிப்பு அவர் போட்ட ஓட்டையிலேயே நிற்கிறது. வெல்டிங்கில் ஒன்றுமில்லை. ஊருக்குப் போனதும் இந்த ஹேண்டிலை அறுக்கப்போகிறேன். கழுத்துப் பகுதிக்கு 1.6-க்குப் பதில் 0.9 மி.மீ. குழாய், சீட்டுக்கு அடியில் இரும்புப் பட்டை நிரந்தரம். அடுத்த தடவை ஒடிந்தால் கம்பிதான் ஒடிய வேண்டும், அதுவும் முன்கூட்டி வளைந்து காட்டிவிட்டு. அந்தக் கம்பிக்கு மாற்று ஒன்றை மூட்டையில் வைத்துக்கொள்வேன், கால் கிலோகூட இருக்காது.

என் கணக்கு 22-ல் முடிந்தது. காரில் ஏற்றப் போகும்போது மைத்துனன் கேட்டான்:

“மாமா, ஒரே ஒரு தடவை.”

பிளாட்பார ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினான். பிடியை விடும் வரை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். விட்டதும் சக்கரம் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். ஹேண்டில் சிமென்டில் மோதி, பயணம் முழுக்கப் படாத இடது பக்கத்தில் புதுச் சொட்டை ஒன்று விழுந்தது, வலது பக்கச் சொட்டைக்கு ஜோடியாக. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, முதல் வேலையாக நோட்டை எடுத்தான். ‘23’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘மாமா இல்லை’ என்று சேர்த்தான்.